கேட் (CAD) வரைபட மென்பொருளில் கியர் பல்லின் வடிவத்தைத் துல்லியமாக வரைவது எப்படி?

பல்லின் பக்கத்தை மூன்று புள்ளி வில்லால் வரைந்தேன், முப்பரிமாண அச்சில் எடுத்த கியர்கள் உறுமுகின்றன, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வில்தான் தவறு.

காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கரும்புச் சாறு வண்டிக்காரர் ஒருவர் பல் உடைந்த கியரோடு வந்தார். 20 பல், மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் அளவு) 3. நானும் வில்லால் வரைந்து, வெட்டி, மாட்டிக் கொடுத்தேன். பத்தே நாளில் திரும்பி வந்தார். பல்லின் பக்கம் பரவலாகத் தேய்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் கண்ணாடிபோல் மின்னியது. அவ்வளவு சுமையையும் அந்தப் பட்டையே தாங்கியிருக்கிறது. அவருடைய பத்து நாள் பிழைப்பை நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பல்லின் பக்கம் இன்வால்யூட் வளைவாக இருக்க வேண்டும். அது என்னவென்று பட்டறைப் பையனுக்குக் கானாடுகாத்தானில் உறவினர் வீட்டு வளவில் வைத்துக் காட்டினேன். உருண்டைத் தேக்குத் தூணின் அடியில் சணலைச் சுற்றி, நுனியில் சாக்குக்கட்டியைக் கட்டி, சணல் தொய்யாமல் பிரித்துக்கொண்டே வரச் சொன்னேன். ஆத்தங்குடிக் கல்லில் விழுந்த கோடுதான் இன்வால்யூட். தூணின் சுற்றளவுதான் அடிவட்டம். இரண்டு கியர்களின் மையங்கள் சற்று விலகினாலும் இந்த வளைவில் வேக விகிதம் மாறாது. உருளைகளை நெருக்கியும் தளர்த்தியும் ஓட்டுகிற கரும்பு வண்டிக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

இனி வரைவோம். அழுத்தக் கோணம் (ஒரு பல் மற்றதைத் தள்ளும் திசையின் சாய்வு) 20° என்றால், மேலே சொன்ன கியருக்குப் பிட்ச் விட்டம் (இரு கியர்களும் வழுக்காமல் உருள்வதாகக் கொள்ளும் வட்டத்தின் விட்டம்) 60 மி.மீ., வெளிவிட்டம் 66, பல்லிடுக்கின் அடியைத் தொடும் வேர் விட்டம் 52.5. அடிவட்டத்தின் விட்டம் 60 × காஸ் 20° = 56.38; அதன் ஆரம் அ = 28.19. சமன்பாட்டு வளைவு வரையும் வசதியில் இதைக் கொடுங்கள்:

எக்ஸ் = அ (காஸ் த + த சைன் த)
ஒய் = அ (சைன் த − த காஸ் த)

த என்பது ரேடியனில் 0 முதல் 0.6086 வரை. அங்கே வளைவு வெளிவட்டத்தைத் தொட்டுவிடும்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாக எடுக்கும்போது நடுக்கோட்டை 4.5°-இல் வைத்துவிடுகிறார்கள். 360-ஐ 80-ஆல் வகுத்த அந்த அரைப்பல் கோணம் பிட்ச் வட்டத்துக்கு உரியது. வளைவோ அடிவட்டத்தில் தொடங்குகிறது. டான் 20°-இலிருந்து 20°-இன் ரேடியன் மதிப்பைக் கழித்தால் 0.0149, அதாவது 0.854°. அதையும் கூட்டி, வளைவு சாய்கிற பக்கமாக 5.354°-இல் நடுக்கோட்டைப் போடுங்கள். கூட்டாமல் விட்டால் 4.71 மி.மீ. இருக்க வேண்டிய பல் 3.82 ஆக மெலிந்துவிடும்.

அடிவட்டத்துக்குக் கீழே இன்வால்யூட் கிடையாது. மையத்தை நோக்கி நேர்கோடு இழுத்து, வேரில் சுமார் 1.1 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள். 17-க்குக் குறைவான பற்கள் என்றால் இது போதாது. அங்கே பல்லின் அடி குடையப்படும், புரொஃபைல் ஷிப்ட் (பல் வடிவத்தை மையத்திலிருந்து சற்று வெளியே நகர்த்துவது) கொடுக்க வேண்டும். ஃப்ரீகேட் என்ற இலவச கேட் மென்பொருளில் இன்வால்யூட் கியர் கருவியே இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒருமுறையாவது கையால் வரைந்துவிட்டுப் போங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மூன்று பற்களைச் சேர்த்து, இரு வெளிப்பக்கங்களையும் தொடும் இணைகோடுகளுக்கு இடையே அளந்தால் 22.98 மி.மீ. வர வேண்டும். உரசாமல் ஓட 0.1 குறைத்துக்கொள்ளலாம். செய்து முடித்த கியரையும் வெர்னியர் தாடைகளுக்கிடையே இதேபோல் பிடித்துப் பார்க்கலாம்.

வண்டிக்காரருக்கு நான் பணம் வாங்காமல் செய்து கொடுத்த இரண்டாவது கியர் 22.9 காட்டியது. ஒரு மாதம் கழித்துச் சாற்றுப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பல்லின் பக்கம் முழுவதும் ஒரே சீராக மினுமினுத்தது.