கேஸ் றெகுலேற்றரை 20 தரம் பார்க்கிற தங்கச்சிக்கு

படுக்கமுன் தங்கச்சி றெகுலேற்றரை 20 தரம் பார்க்கிறா, "பூட்டினனானோ அண்ணா?" எண்டு கேட்க நீங்கள் ஒவ்வொருக்காலும் "ஓம்" எண்டு சொல்லுறீங்கள் எண்டு எழுதியிருந்தீங்கள். இது OCD எண்ட, ஒரே சந்தேகமும் சோதிக்கிறதும் திரும்பத் திரும்ப வாற மனநோய் மாதிரித் தெரியுது. அந்த "ஓம்"தான் நோய்க்குத் தீனி. ஒரு நிமிஷ ஆறுதல், பிறகு சந்தேகம் இன்னும் கூடி வரும். ஆனா சட்டெண்டு நிப்பாட்டாதேங்கோ, பேசவும் வேண்டாம். பகலில, அவ அமைதியா இருக்கேக்க, "இனி மறுமொழி சொல்லமாட்டன், பக்கத்தில இருப்பன்" எண்டு கதைச்சு ஒத்துக்கொள்ளுங்கோ.

பிறகு ஒருதரம் பூட்டி, ஒருதரம் பார்த்து, குசினியை விட்டு வரவேணும். முதலில 10 நிமிஷம் திரும்பிப் போகாமல் இருக்கட்டும். பதட்டத்துக்கு 5 நிமிஷத்துக்கு ஒருக்கா 100க்கு எத்தினை எண்டு கொப்பியில எழுதட்டும். சில நாளில நேரத்தைக் கூட்டுங்கோ. பெரும்பாலும் பிழைக்கிற இடம்: றெகுலேற்றரைப் பார்க்காமல், மனசுக்குள்ள திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்க்கிறது. அதுவும் சோதிக்கிறதுதான்.

யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழையிலயும் மனநலப் பிரிவு இருக்கு, காசில்லை. புளுவொக்சற்றின், சேர்ட்ரலின் மாதிரி மருந்து தந்தால் 8 தொடக்கம் 12 கிழமை பொறுக்கவேணும். இரண்டு கிழமையில "சுகமில்லை" எண்டு விடுறதுதான் கனபேர் செய்யிற பிழை. நேர்த்தி வையுங்கோ, ஆனா கிளினிக்கைப் பிந்தவிடாதேங்கோ. சாகிற கதை கதைச்சால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. இரவில கதைக்க மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.