கிளாக் துப்பாக்கிக்கு எந்த உறை நல்லது?

டெக்சாஸில் கிளாக் 19 வாங்கியவர், இடுப்பில் வைக்கத் தோல் உறையா, கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையா என்று கேட்டிருக்கிறார். என் ஓட்டு கைடெக்ஸுக்கு.

வழக்கமான கிளாக்கில் கட்டைவிரலால் போடும் பூட்டு கிடையாது. விசையை அழுத்தினால் சுடும், அவ்வளவுதான். அதனால் விசையும் அதைச் சுற்றிய வளையமும் முழுக்க மூடியிருக்க வேண்டும். தோல் பழசாகித் தொளதொளவென்று ஆனால் வாய்ப்பகுதி உள்ளே மடங்கும். துப்பாக்கியைச் செருகும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடலாம். சட்டை நுனியும் அப்படித்தான். கண்ணால் பார்த்து, நிதானமாகச் செருகுங்கள்.

குண்டில்லாத துப்பாக்கியை உறையில் வைத்துத் தலைகீழாக ஆட்டிப் பாருங்கள், விழக்கூடாது. அப்புறம், 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' உறை வேண்டவே வேண்டாம். மெல்லிய பெல்ட்டும் ஆகாது, கனத்தில் சரிந்துவிடும்.