செவ்வாய்ப் படத்துக்கு நிறம் பார்ப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

செவ்வாய்க் கோளில் ஓடும் ரோவர்கள் (ஆய்வு வண்டிகள்) அனுப்பும் படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கி, நிறம் திருத்தி, ஒட்டி, நண்பர்களோடு பகிரும் ஆர்வலர்கள் உலகமெங்கும் உண்டு. இதைப் பற்றி நாங்கள் எழுதியதும் பழைய வட ஆற்காடு பக்கமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

படங்களை எங்கே எடுப்பது? பணம் கட்ட வேண்டுமா? என்னிடம் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது.
– கல்லூரி மாணவி, காட்பாடி

ஒரு பைசா வேண்டாம், கணக்கும் தொடங்க வேண்டாம். 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி, 2021 பிப்ரவரி 18 அன்று ஜெஸிரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஆகிய இரண்டின் 'ரா' (திருத்தாத மூல) படங்களையும் நாசா தன் இணையதளத்தில் போட்டுவிடுகிறது. பல படங்கள் பூமிக்கு வந்த சில மணி நேரத்திலேயே அங்கே வந்துவிடும். கேமரா வாரியாகவும் சோல் வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள்: 24 மணி 39 நிமிடம் 35 விநாடி.

ஃபைலின் பெயரைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பெர்சிவியரன்ஸ் படத்தின் பெயர் 'இசட் எல்' என்று தொடங்கினால் மாஸ்ட்கேம்-இசட் என்ற இரட்டைக் கேமராவின் இடக்கண், 'இசட் ஆர்' என்றால் வலக்கண். அடுத்து வரும் நான்கு இலக்கம் சோல் எண். அதற்கடுத்த பத்து இலக்கம் ரோவரின் கடிகாரம் காட்டிய விநாடி. இந்த எண்கள் அடுத்தடுத்து நெருங்கி வரும் படங்களைத்தான் ஒன்றாக ஒட்ட வேண்டும். பெயரின் கடைசிப் பகுதியில் 034, 063, 110 என்பது போல வருவது லென்ஸின் குவியத்தூரம், மில்லிமீட்டரில். இது பல படங்களை ஒட்டிச் செய்யும் பனோரமாவுக்குத் தேவைப்படும்.

புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது சின்னப் படத்தில்தான். ரோவர் முதலில் தபால்தலை அளவு மாதிரியை அனுப்பும், முழுப் படம் பல நாள் கழித்துக்கூட வரலாம். இறக்கியதும் அகலம் எத்தனை பிக்சல் என்று பார்த்துவிடுங்கள். தனிப்படம் திருத்த 4 ஜிபி தாராளம். பனோரமா என்றால் பத்துப் பன்னிரண்டு படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இறக்கிய படம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. பெரிதாக்கினால் கொசுவலை போலக் கட்டம் தெரிகிறது. ஃபைல் கெட்டுப்போய்விட்டதா?
– ஸ்டுடியோ உரிமையாளர், குடியாத்தம்

கெடவில்லை. உங்கள் ஸ்டுடியோ கேமராவின் சென்சாரிலும் இதே கட்டம் இருக்கிறது. கேமராவே அதை நீக்கிவிட்டுத் தருவதால் கண்ணில் படுவதில்லை. பேயர் வடிவம் என்று பெயர். ஒவ்வொரு நான்கு பிக்சல் சதுரத்திலும் ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். விட்டுப்போன நிறத்தைப் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டு நிரப்ப வேண்டும். மாஸ்ட்கேம்-இசட் ஃபைல் பெயரில் 'ஈபிஒய்' என்று இருந்தால் நிரப்பாத படம், 'ஈசிஎம்' என்று இருந்தால் வண்ணம் ஏற்றிய படம்.

கட்டத்தை நீக்கும் முன் வேறு எதையும் செய்யாதீர்கள். அளவைச் சுருக்கக் கூடாது, திருப்பக் கூடாது, ஷார்ப்பன் கூடவே கூடாது. இடப்பக்கமோ மேல்பக்கமோ ஒற்றைப்படை எண்ணிக்கையில் பிக்சலை வெட்டினால் சதுரங்கள் ஒரு பிக்சல் நகர்ந்து, படம் முழுக்கப் பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாக வரும். ஓரத்தில் கறுப்புப் பட்டை இருந்தால்கூட நிறம் நிரப்பிய பிறகே வெட்டுங்கள்.

பைத்தானும் ஓபன்சிவி நூலகமும் இருந்தால் மூன்று வரியில் முடியும். படத்தைச் சாம்பல் படமாகத் திறக்கவும் (வண்ணப் படமாகத் திறந்தால் ஒரே தகவல் மூன்று அடுக்காக வந்து, நிரப்பும் கட்டளை பிழை காட்டும்), பேயர் மாற்றத்தைக் கொடுக்கவும், பிஎன்ஜி ஆகச் சேமிக்கவும். இதில் ஒரு பொறி உண்டு. மேல் வரிசை சிவப்பு-பச்சை, கீழ் வரிசை பச்சை-நீலம் என்ற வடிவத்துக்கு ஓபன்சிவி வைத்திருக்கும் பெயர் 'பேயர் பிஜி'. பெயரை நம்பி 'ஆர்ஜி' போட்டால் சிவப்பும் நீலமும் இடம் மாறி, மண் நீலமாக வரும். அப்படி வந்தால் பதற வேண்டாம், பெயரை மாற்றினால் போதும்.

ஜேபிஜி ஆகச் சேமித்த பேயர் படமும் சில சமயம் கிடைக்கும். ஜேபிஜி நுண்ணிய கட்டத்தைத்தான் முதலில் தின்னும். அதிலிருந்து வரும் நிறம் மங்கலாகத்தான் இருக்கும், எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

ஒரே பாறையை ஒருவர் செங்கல் நிறத்தில் போடுகிறார், இன்னொருவர் சாம்பல் நிறத்தில் போடுகிறார். எது உண்மை?
– தோல் தொழிற்சாலை ஃபினிஷிங் பிரிவு ஊழியர், வாணியம்பாடி

இந்தக் கேள்வி உங்களிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. ஒரே தோலை டியூப்லைட்டில் பார்த்தால் ஒரு ஷேடு, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தால் வேறு ஷேடு. ஆர்டர் கொடுத்தவர் எந்த வெளிச்சத்தில் பார்ப்பார் என்று தெரியாமல் நீங்கள் கலர் போட மாட்டீர்கள். செவ்வாயிலும் அதே சிக்கல். அங்கே காற்றில் மிதக்கும் தூசி நீல ஒளியை உறிஞ்சிவிடுவதால், தரைக்கு வரும் பகல் வெளிச்சமே மஞ்சள் கலந்த பழுப்பு. அந்த வெளிச்சத்தோடு காட்டினால் பாறை செங்கல் நிறம். பூமி வெயிலில் வைத்தால் எப்படி இருக்கும் என்று திருத்தினால் சாம்பல். பாறை வகையை அடையாளம் காண இரண்டாவது உதவும் என்பதால் புவியியலாளர்கள் அதையே விரும்புவார்கள். இரண்டும் சரி. எதைச் செய்தோம் என்று சொல்லாமல் போடுவதுதான் தவறு.

திருத்தும் முறை இது. ரோவரின் மேல்தளத்தில் நிற அளவுகோல் தட்டு ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு வளையங்களும் வண்ணத் துண்டுகளும் நடுவில் நிழல் விழ ஒரு குச்சியும் கொண்டது. உங்கள் படம் எடுத்த அதே சோலில், முடிந்தவரை அதே நேரத்தில் எடுத்த தட்டுப் படத்தைத் தேடுங்கள். இரண்டையும் கிம்ப் மென்பொருளில் திறந்து, துல்லியத்தை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். 8 பிட்டிலேயே செய்தால் வானம் படிப்படியாகப் பட்டை போடும்.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேமரா 11 பிட்டில் அளந்ததை, அனுப்ப வசதியாக ஏறக்குறைய வர்க்கமூல வளைவில் 8 பிட்டாகச் சுருக்குகிறது. அந்த வளைவின் மேலேயே நிறத்தைப் பெருக்கினால் வெளிச்சப் பகுதி சரியாக வந்தாலும் நிழலில் நிறம் பிசகலாம். ஆகவே லெவல்ஸ் பெட்டியில் நடு மதிப்பை 0.50 ஆக்குங்கள், வளைவு ஏறக்குறைய நேராகிவிடும். இப்போது தட்டில் வெயில் படும் சாம்பல் வளையத்தைத் தொட்டு அளவெடுங்கள். ஒரு பிக்சலை மட்டும் எடுக்காமல், சுற்றியுள்ள சில பத்துப் பிக்சல்களின் சராசரியை எடுக்க வேண்டும். உதாரணமாகச் சிவப்பு 120, பச்சை 100, நீலம் 60 என்று வந்தால், சிவப்பை 0.83 ஆலும் நீலத்தை 1.67 ஆலும் பெருக்கினால் மூன்றும் சமம். லெவல்ஸில் இதற்குச் சிவப்பின் வெளியீட்டு உச்சம் 212, நீலத்தின் உள்ளீட்டு உச்சம் 153. இதே எண்களை நிலப் படத்துக்கும் போட்டு, கடைசியில் நடு மதிப்பை 2.00 ஆக்கி வளைவைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். செவ்வாய் வெளிச்சத்திலேயே காட்ட விரும்பினால் பெருக்கலே வேண்டாம்.

தட்டில் தூசி படியும், அதுவும் சிவப்புத் தூசி. சில துண்டுகளுக்கு அடியில் வளையக் காந்தம் வைத்திருக்கிறார்கள். தூசி வளையத்தின் மேல் சேர, நடுவில் ஓரளவு சுத்தமான புள்ளி மிஞ்சும். பழைய சோல்களுக்கு அந்த நடுப்புள்ளியில் அளப்பதே மேல்.

'ஆட்டோ' பொத்தானை அழுத்தாதீர்கள். அது மூன்று நிறத்தையும் தனித்தனியாக இழுத்து, செவ்வாய் வானத்தைச் சென்னைக் கடற்கரை வானமாக்கிவிடும். அதே சமயம், மாலைப் படத்தில் சூரியனைச் சுற்றி நீலம் தெரிந்தால் அதைப் 'பிழை' என்று நீக்கிவிடவும் கூடாது. நுண்தூசி நீல ஒளியை முன்னோக்கி அதிகம் சிதறடிப்பதால் அங்கே சூரியன் மறையும்போது நீலம் வருவது உண்மை.

துல்லியம் போதவில்லை என்பவர்கள் சில மாதம் பொறுத்தால், அளவீடு செய்த படங்கள் நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தில் வரும். அங்கே இந்த வளைவுக் கணக்கெல்லாம் தேவைப்படாது.

பனோரமா ஒட்டினால் மலை சேர்கிறது, காலடிப் பாறை இரண்டாகத் தெரிகிறது.
– வாசகர், ராணிப்பேட்டை

கேமரா ரோவரின் கம்பத் தலையில், சுழலும் அச்சிலிருந்து விலகி இருக்கிறது. தலை திரும்பும்போது கேமராவும் இடம் பெயர்கிறது. தூரத்து மலைக்கு அது பொருட்டில்லை, மூன்று மீட்டரில் கிடக்கும் பாறைக்குப் பொருட்டுதான். முழுமையான தீர்வு கிடையாது, மறைக்கத்தான் முடியும்.

இலவச ஹூகின் மென்பொருளில் லென்ஸ் விவரத்தை நீங்களே கொடுங்கள். ரோவர் ஃபைலில் அது தானாக வராது. மாஸ்ட்கேம்-இசட் சென்சார் அகலம் 1600 பிக்சல், ஒவ்வொன்றும் 7.4 மைக்ரான். ஆகவே கிடைப் பார்வைக் கோணம் 110 மி.மீ. லென்ஸுக்கு 6.2 பாகை, 63-க்கு 10.7, 34-க்கு 19.8. இணைப்புப் புள்ளிகளைத் தானாகத் தேடச் சொன்னால் மணலிலும் வானத்திலும் ஏமாந்துவிடும். ஒவ்வொரு சோடிப் படத்துக்கும் நான்கைந்து புள்ளிகளைக் கையால் வையுங்கள், எல்லாமே பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். சீரமைக்கும்போது திசைக் கோணங்கள் மூன்றை மட்டும் விடுங்கள். லென்ஸ் வளைவையும் சேர்த்து விட்டால், படங்கள் கொஞ்சமாகவே ஒன்றன்மேல் ஒன்று படிவதால், அடிவானம் வாழைப்பழமாகும். கடைசியாக மாஸ்க் கருவியால் ஒவ்வொரு கிட்டப் பாறையும் ஒரே படத்திலிருந்து வரும்படி செய்யுங்கள்.

பள்ளிக் கண்காட்சிக்குச் சிவப்பு–நீலக் கண்ணாடியில் பார்க்கும் 3டி படம் வைக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரணி

தாராளமாக வைக்கலாம் ஐயா. அதற்கு நேவ்கேம் (ரோவர் வழி பார்க்கும் சோடிக் கேமரா) இடம், வலம் இரண்டும் ஒரே விநாடி எண்ணில் இருக்கும் சோடியை எடுங்கள். இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கி, இடப்படத்தைச் சிவப்பு அடுக்கிலும் வலப்படத்தைப் பச்சை, நீலம் இரண்டிலும் வையுங்கள். மேல்கீழ் விலகல் ஒரு பிக்சல்கூட இல்லாமல் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தலைவலிதான். கண்ணாடிக்குக் கடையில் விற்கும் கருநீலத் தாளை வாங்காதீர்கள். பச்சையையும் விடும் வெளிர்நீலத் தாள் வேண்டும். நேவ்கேம்களுக்கு இடையே சுமார் 42 செ.மீ. இடைவெளி, நம் கண்களுக்கு இடையே ஆறரை. அதனால் ஆழம் மிகைப்பட்டு, பெரிய குன்றும் கொலு பொம்மை அளவுக்குத் தெரியும். பிள்ளைகள் கேட்பார்கள், முன்பே சொல்லிவிடுங்கள்.

காவலூர் தொலைநோக்கியில் ரோவரைப் பார்க்க முடியுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், ஆலங்காயம்

முடியாது தம்பி. செவ்வாய் மிக அருகில் வரும்போதே சுமார் 5.6 கோடி கி.மீ. தூரம். அங்கே மூன்று மீட்டர் ரோவர் ஒரு விகலையில் (பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) லட்சத்தில் ஒரு பங்குதான் தெரியும். காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் காற்றே ஒரு விகலை அளவுக்குப் படத்தைக் கலைத்துவிடும். செவ்வாயைச் சுமார் 300 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஹைரைஸ் கேமராவுக்கே ரோவர் பத்துப் பிக்சல் நீளம்தான்.

செவ்வாயில் கதவு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது.
– வாசகி, ஆம்பூர்

2022 மே மாதம் கியூரியாசிட்டி எடுத்த படம் அது. பாறை விரிசல். உயரம் 30 செ.மீ., அகலம் 40 செ.மீ. அளவுதான், பூனை நுழையலாம். அளவுகோல் இல்லாமல் ஒரு மூலையை வெட்டி, பெரிதாக்கி, ஷார்ப்பன் போட்டால் எந்த நிழலும் வாசலாகும். இப்படி வருவதைக் கண்டால் சோல் எண்ணைக் கேளுங்கள். முழுப் படத்தையும் பார்த்தால் சந்தேகம் தீரும்.

நான் திருத்திய படத்தை என் பெயரில் போடலாமா? காலண்டரில் அச்சிட்டு விற்கலாமா?
– அச்சக உரிமையாளர், வேலூர்

பொதுவாக நாசா படங்களுக்குக் காப்புரிமைத் தடை இல்லை, காலண்டர் அச்சிடலாம். நாசா சின்னத்தைப் போடுவதோ, அவர்கள் உங்கள் சரக்கைப் பரிந்துரைப்பது போலக் காட்டுவதோ கூடாது. பெயர் போடும் வரிசை: நாசா, ஜேபிஎல்-கால்டெக், கியூரியாசிட்டி மாஸ்ட்கேம் என்றால் எம்எஸ்எஸ்எஸ் (கேமரா செய்த நிறுவனம்), மாஸ்ட்கேம்-இசட் என்றால் ஏஎஸ்யூவும் (அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம்) சேர்த்து, கடைசியில் 'திருத்தம்' என்று உங்கள் பெயர். அதன் கீழே ஒரு வரியில் சோல் எண், கேமரா, எந்த வெளிச்சத்துக்கு நிறம் திருத்தினீர்கள், வானத்தை நீட்டி வரைந்தீர்களா என்பதும் இருக்கட்டும். பனோரமாவில் விடுபட்ட மேல்வானத்தைப் பலர் தூரிகையால் நிரப்புகிறார்கள். அழகுக்குச் செய்வதில் தப்பில்லை, எழுதிவிட வேண்டும். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். இல்லாவிட்டால் 16 பிட்டில் பட்ட பாடெல்லாம் வீண்.