சர்பத் பாட்டிலில் என்ன இருக்கிறது?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் புல்லுக்கு மருந்து அடித்தோம். ஈரம் காயுமுன் நாய் போய்ப் புரண்டுவிட்டது. இரண்டு தடவை வாந்தி. வாயில் எச்சில் ஒழுகியது. நான்கு நாளாகிறது, தேறிவிட்டது. மிச்சத்தை சர்பத் பாட்டிலில் ஊற்றிப் பின்கட்டு மாடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் படைப்பு, பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். அதற்குள் இன்னொரு தடவை அடிக்கணும். நாயை எத்தனை நாள் கட்டிப்போடுவது?

பதில்: நாயைக் கட்டுவது இருக்கட்டும் ஆச்சி. படைப்புக்கு வருகிற பிள்ளைகளை எங்கே கட்டப்போகிறீர்கள்? பின்கட்டில் சர்பத் பாட்டிலைப் பார்த்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? முன்னோருக்குப் படைக்கிற வீட்டில் விஷத்தை மாடத்தில் வைத்துவிட்டு, அதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். அதை 'மருந்து' என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பயம் விட்டுப்போய்விட்டது.

நாய்க்கும் அந்தப் பாட்டில்தான் வினை. லேபிள் இல்லையே, டாக்டரிடம் என்னவென்று சொல்வீர்கள்? கடையில் பெயரை எழுதி வாங்குங்கள். அதுவரை புல்லைப் பாருங்கள். அடித்த மறுநாளே தீய்ந்து கருகியிருந்தால் பாராகுவாட் என்கிற களைக்கொல்லியோ என்று சந்தேகப்படணும். ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மஞ்சளாகி வாடினால் கிளைபோசேட். புல் அப்படியே நிற்க, அகல இலைச் செடிகள் மட்டும் முறுக்கிக்கொண்டால் 2,4-டி. இந்த 2,4-டியை நாயின் சிறுநீரகம் சீக்கிரம் வெளியேற்றாது. பின்னங்கால் விறைக்கும், நடை தள்ளாடும்.

பாராகுவாட் என்றால் 'தேறிவிட்டது' என்ற பேச்சை நம்பாதீர்கள். முதலில் வாந்தி, நாக்கிலும் ஈறிலும் புண். பிறகு நாய் தெளிந்த மாதிரி இருக்கும். சில நாள் கழித்துத்தான் நுரையீரலைப் பிடிக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிற நாய்க்கு டாக்டர் ஆக்ஸிஜன் வைக்கத்தான் பார்ப்பார். இந்த விஷத்துக்கு ஆக்ஸிஜனே சேதத்தைக் கூட்டும். பெயர் தெரியாமல் போனால் வைத்தியமே எமனாகிவிடும். பாட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு நான் கத்துவது இதனால்தான்.

இனி எப்போதாவது மேலே பட்டால், கையுறை போட்டுக்கொண்டு உடனே வெதுவெதுப்பான தண்ணீரிலும் சாதாரண சோப்பிலும் குளிப்பாட்டுங்கள். விரலிடுக்கு, அடிவயிறு விடக்கூடாது. துவட்டும்வரை நக்க விடாதீர்கள்; நக்கித்தான் பாதி விஷம் உள்ளே போகிறது. உப்புத்தண்ணி கொடுத்து வாந்தியெடுக்க வைக்கவே கூடாது, அந்த உப்பே நாயைக் கொல்லும்.

மிச்சத்தைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். பாட்டிலில் 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டிப் பெட்டகத்தில் பூட்டுங்கள். வாங்கிய கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொள்ளட்டும்.

மறுபடி அடிக்கவே வேண்டாம். ஒரு மழை பெய்து மண் இளகியதும் இரண்டு ஆளும் மண்வெட்டியும் போதும், ஒரு நாள் வேலை. கூலிக்கு யோசித்தால் பந்தலில் ஒரு பலகாரத்தைக் குறையுங்கள்.

இன்று ராத்திரி நாய் அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 30-க்கு மேல் போனாலோ, ஈறு நீலம் பூத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962-க்குப் போன் போட்டுப் பாருங்கள். பத்து நாளைக்குத் தினமும் எண்ணிக் குறித்து வையுங்கள்.