ரூட்டரில் போக்குவரத்து வகுப்புகள்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (காரைக்குடி, மொத்த வியாபாரம்): எங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகம் 20 மெகாபிட். தொலைபேசிக் குரலுக்கு முன்னுரிமை வகுப்பு (ரூட்டர் எதை முதலில் அனுப்ப வேண்டும் என்று பிரிக்கும் பிரிவு) அமைத்த பின்னும், மாலையில் கணக்குக் கோப்புகள் பதிவேறும்போது பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கிறது. ஏன்?

பதில்: வகுப்பில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு, அனுப்பக் காத்திருக்கும் தரவுத் துண்டுகளின் (பாக்கெட்டுகளின்) வரிசை வேறிடத்தில் நிற்கிறது என்றே கருதுகிறேன். ரூட்டரின் வெளிவாசல் 100 மெகாபிட்டில் இயங்கினால் அதற்கு நெரிசலே தெரியாது. பாக்கெட்டுகள் எல்லாம் மோடத்தில் போய்க் குவியும், அங்கே உங்கள் முன்னுரிமை செல்லாது. ஆகவே வெளிச்செல்லும் போக்குவரத்தை முதலில் 18 மெகாபிட்டுக்கு ஷேப்பிங் செய்து (அதாவது வேகத்தை அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தி), அந்த வரம்புக்குள் வகுப்புகளை அமையுங்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு, ஐ.பி. தலைப்புகளுடன் சேர்த்து, ஒரு திசையில் ஏறத்தாழ 80 கிலோபிட் போதும். பத்து அழைப்புகளுக்கே ஒரு மெகாபிட் தாராளம்.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி ஆய்வகம்): குரலுக்கு இடும் டி.எஸ்.சி.பி. (பாக்கெட்டின் தலைப்பில் இடும் முன்னுரிமைக் குறி) எண் 46-ஐயே காணொளிப் பாடங்களுக்கும் இடலாமா?

பதில்: வேண்டாம். குரல் சீராக வரும் சிறு பாக்கெட்டுகள். காணொளியோ திடீர் திடீரென்று பெருகும். இரண்டையும் ஒரே வரிசையில் விட்டால் குரல்தான் பாதிக்கப்படும். காணொளிக்கு 34 என்ற எண்ணை இட்டு, உறுதியான பங்கு கொண்ட தனி வகுப்பு தாருங்கள். முழு முன்னுரிமை வரிசை மொத்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது.

கேள்வி (கானாடுகாத்தான், பழைய வீட்டில் தங்கும் விடுதி): விருந்தினர் கருவிகள் தாமாகவே 46 என்று குறித்து அனுப்பினால் என்ன செய்வது?

பதில்: விருந்தினருக்குத் தனி வி.லேன் (அதே கருவிகளில் பிரித்து அமைக்கும் தனி வலையமைப்பு) அமைத்து, அதன் வழியே நுழையும் குறிகளை எல்லாம் 0 ஆக்கிவிடுங்கள். அவர்களுக்கு ஒரு குறைந்தபட்சப் பங்கை ஒதுக்கி, அலுவலக இணைப்பு ஓய்வாக இருக்கும்போது மிச்சத்தையும் பயன்படுத்த விடலாம். தடித்த சுவர்களைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கு வைஃபை எட்டாத குறை இருந்தால் எந்த வகுப்பும் அதைத் தீர்க்காது. அங்கே கேபிள் இழுத்து ஓர் அணுகல் கருவியை வையுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): ஆச்சி மலேசியாவிலுள்ள பேரனுடன் பேசும்போது, வீட்டில் யாராவது பதிவிறக்கம் செய்தால் படம் உறைகிறது. எங்கள் குறி அங்கு வரை செல்லுமா?

பதில்: பொதுவாக நம்ப முடியாது, வழியிலுள்ள நிறுவனங்கள் அதை அழித்துவிடக்கூடும். வீட்டுக்கு இவ்வளவு வகுப்புகளும் தேவையில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளில் இயங்கும் ரூட்டரில் 'கேக்' வரிசை முறையை இரு திசைக்கும், அளந்து பார்த்த வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து அமைத்தால், அது ஒவ்வோர் ஓட்டத்துக்கும் (ஓர் இணைப்பின் பாக்கெட் தொடருக்கும்) நியாயமான பங்கைத் தானே கொடுத்துவிடும்.