வீட்டில் செய்யும் ஃபோம் விமானம்: கேள்வி பதில்

ஃபோம் தாளில் ரேடியோவால் இயக்கும் விமானம் செய்வதைப் பற்றி வந்த கேள்விகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் மோட்டாரைப் பற்றிய கேள்விகள். ஆனால் நான் பார்த்தவரை, முதன்முதலாகச் செய்யும் விமானம் விழுவதற்கு மோட்டார் காரணமாவது அபூர்வம். எவ்வளவு எடை, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். எல்லாப் பதில்களுக்கும் ஒரே விமானத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இறக்கை நுனிக்கு நுனி 100 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர், பேட்டரியோடு சேர்த்து எடை 700 கிராம்.

கேள்வி (பொறியியல் மாணவர், கோவில்பட்டி): ஐயா, ஸ்டேஷனரி கடையில் ஃபோம் போர்டு கேட்டால் சன்போர்டைத்தான் தருகிறார்கள். அதில் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சன்போர்டு என்பது விளம்பரப் பலகைக்கான பிவிசி ஃபோம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் 5 மில்லிமீட்டர் தடிப்பில் ஏ1 அளவுத் தாள் ஒன்றே ஒரு கிலோவை ஒட்டி வரும். நம் விமானம் முழுவதுமே 700 கிராம்தான். நீங்கள் கேட்க வேண்டியது இருபுறமும் காகிதம் ஒட்டிய, நடுவில் பாலிஸ்டைரீன் ஃபோம் உள்ள தாள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும், காகிதத்தின் ஓரத்தைச் சற்று நனைத்தால் உரிந்து வரும். காகிதம் ஒட்டாத பாலிஸ்டைரீன் தகடான டெப்ரான் கிடைத்தால் இன்னும் நல்லது, அது மேலும் இலேசானது. கடைக்குப் போகும்போது சமையலறைத் தராசைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

கேள்வி (இல்லத்தரசி, ஈரோடு): மகனுக்காக ஒட்டினேன். இறக்கையில் பசை பட்ட இடமெல்லாம் ஓட்டையாகிவிட்டது. என்ன தவறு?

பதில்: தவறு உங்கள் கையில் இல்லை, பசையில் இருக்கிறது. பாலிஸ்டைரீனைக் கரைக்கும் கரைப்பான் உள்ள எதுவும் ஃபோமைத் தின்றுவிடும். சாதாரண உடனடிப் பசை, ரப்பர் செருப்புக்குப் போடும் மஞ்சள் பசை, ஸ்ப்ரே பெயின்ட் ஆகிய மூன்றும் இதில் அடக்கம். என் முதல் இறக்கையில் மஞ்சள் பசையைப் பூசிவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள், பூசிய கோட்டின் வழியே கரையான் அரித்ததுபோல் ஒரு வாய்க்கால் ஓடியிருந்தது. விளிம்புகள் பாகுபோல் பளபளத்தன.

மூட்டுகளுக்கு ஹாட் க்ளூ போதும், ஆனால் துப்பாக்கியின் முனை ஃபோமைத் தொடக் கூடாது. மோட்டார் தாங்கும் மரப்பலகைக்கு இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எப்பாக்ஸி. வெள்ளை மரப்பசை ஃபோமைக் கெடுக்காது, எடையும் குறைவு. ஆனால் அகலமான இரண்டு ஃபோம் பரப்புகளுக்கு நடுவே பூசினால் காற்றுப் புகாததால் உள்ளே நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஓரங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எந்தப் பசையானாலும் முதலில் ஒரு வெட்டுத் துண்டில் தடவி அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள்.

கேள்வி (ஐடிஐ மாணவர், ஓசூர்): அண்ணா, 2212 மோட்டாரில் 2200 கேவி வாங்கியிருக்கிறேன். 1000 கேவியைவிடச் சக்தி அதிகம்தானே? 10 அங்குல விசிறி மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். கேவி என்பது சக்தியின் அளவு அன்று. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதன் கணக்கு. 22 என்பது உள்ளே சுழலாமல் இருக்கும் கம்பிச் சுருள் பகுதியான ஸ்டேட்டரின் விட்டம், 12 அதன் உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். ஆக உங்கள் மோட்டாரும் 1000 கேவி மோட்டாரும் ஒரே பருமன்தான், செப்புக் கம்பியின் சுற்று மட்டும் வேறு.

ஒரே விசிறியை இரு மடங்கு வேகத்தில் சுழற்ற ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் தேவைப்படும் என்பதை நினைவில் வையுங்கள். 1000 கேவி மோட்டாரில் மூன்று செல் லைபோவும் (லித்தியம் பாலிமர் பேட்டரி) 1045 விசிறியும், அதாவது 10 அங்குல விட்டமும் 4.5 அங்குலப் புரியும் (ஒரு சுற்றில் விசிறி முன்னேற வேண்டிய தூரம்), சேர்ந்தால் 12 முதல் 15 ஆம்பியர் வரை இழுத்து, ஏறத்தாழ 800 கிராம் உந்துவிசை தரும்; நம் 700 கிராம் விமானத்துக்கு அது தாராளம். அதே விசிறியை 2200 கேவியில் மாட்டினால் மோட்டார் அந்த வேகத்தை எட்ட முயன்று, எட்டும் முன்பே 30 ஆம்பியர் இஎஸ்சியையும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) தன் சுற்றுக் கம்பியையும் எரித்துக்கொள்ளும். 2200 கேவிக்கு உரியது 6 அங்குலத்தை ஒட்டிய சிறிய விசிறி. அது வேகமாகப் பறக்கும் சின்ன இறக்கைக்கு ஏற்றது, கற்றுக்கொள்பவருக்கு அன்று. முடிந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும். விசிறியில் எண் பொறித்த பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இங்கே ரெஜிபோம்தான் இலகுவாகக் கிடைக்கிறது. தட்டையான இறக்கை பறக்குமா, வளைவு கட்டாயமா?

பதில்: ரெஜிபோம் என்று நீங்கள் சொல்வதும் நாங்கள் தெர்மாகோல் என்பதும் ஒன்றே. மணிமணியாக உதிரும் அந்தப் பொருளைத் தகடாக வெட்டினால் எளிதில் ஒடியும். கட்டியாக வாங்கி, நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி இறக்கை வடிவில் அறுத்து, மேலே அகலமான பார்சல் டேப் ஒட்டினால் நல்ல இறக்கை கிடைக்கும். அறுக்கும்போது எழும் புகையைச் சுவாசிக்கக் கூடாது. வெளித் திண்ணையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

தட்டை இறக்கையும் பறக்கும், ஆனால் வேகம் குறைந்ததும் முன்னறிவிப்பின்றிக் கவிழும். தகடு வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: இறக்கையின் மேற்புறத்தில் முன்பாதியை மட்டும் மூடும்படி இன்னொரு தகட்டை ஒட்டி, நடுவில் ஒரு படிக்கட்டு விழச் செய்வது. அமெரிக்கர்களான கிளைனும் ஃபோகல்மனும் காகித விமானத்தில் தொடங்கி 1972-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழி வந்தது இது. பெரிய விமானங்களில் அது எடுபடவில்லை. ஃபோம் விமானம் செய்பவர்களுக்கோ வரமாக அமைந்தது, ஏனெனில் வளைக்காமலேயே இறக்கைக்குத் தடிப்பும் விறைப்பும் கிடைத்துவிடுகின்றன. இரண்டு தகடுகளுக்கும் இடையே ஒரு மூங்கில் குச்சியையோ கார்பன் குழாயையோ நீளவாக்கில் புதைத்துவிடுங்கள். எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) வைக்காத விமானமானால் இறக்கையின் இரு நுனிகளையும் 4 முதல் 5 சென்டிமீட்டர் உயர்த்தி ஒட்ட வேண்டும். சாய்ந்த விமானம் தானாக நிமிர்வது அந்த உயர்வினால்தான்.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்): வரைபடத்தைப் பார்த்து அப்படியே செய்தேன். கையிலிருந்து விட்டதும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே போய், நின்று, பின்பக்கமாகச் சரிந்து விழுகிறது. மூன்று முறையும் அப்படியே.

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் விதத்திலேயே விடை இருக்கிறது: வால் கனம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டரில், அதாவது அகலத்தின் 25 முதல் 30 விழுக்காட்டில், ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும். பேட்டரியை மாட்டிய நிலையில் அந்தப் புள்ளிகளில் இரு ஆள்காட்டி விரல்களால் இறக்கையைத் தாங்கிப் பாருங்கள். விமானம் மட்டமாகவோ மூக்கைச் சற்றே தாழ்த்தியோ நிற்க வேண்டும். உங்களுடையது வாலில் உட்காரும் என்று நினைக்கிறேன்.

வரைபடத்தைப் பார்த்துச் செய்தும் ஏன் இப்படி ஆகிறது என்றால், வரைந்தவர் பயன்படுத்திய ஃபோம் உங்களுடையதைவிட இலேசானதாக இருந்திருக்கும். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது, பேட்டரி 20 சென்டிமீட்டர்தான் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலில் கூடிய ஒவ்வொரு 10 கிராமையும் ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் வைக்க வேண்டும். பறக்கும் எடை மொத்தம் 40 கிராம் ஏறிவிடும். எனவே ஈயத்தைத் தேடும் முன் வாலைப் பாருங்கள். காகிதத்தை ஒரு பக்கம் உரித்துவிடலாம், வண்ணம் பூசியிருந்தால் இனிப் பூச வேண்டாம், கீலுக்குத் துணியும் பசையும் இல்லாமல் ஒற்றை டேப் போதும். சர்வோக்களை (வாலின் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களை) உடலின் நடுப்பகுதிக்குக் கொண்டுவருவதும் உதவும். அதற்குப் பிறகு பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டுமே மூக்கில் எடை.

எடையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 700 கிராமில் நம் இறக்கை மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் வேகம்வரை காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதே விமானம் ஒரு கிலோவானால் 32-க்குக் கீழே போனதும் கைவிட்டுவிடும். அந்த 5 கிலோமீட்டர்தான் தரையிறங்கும்போது உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

கேள்வி (சைக்கிள் கடைக்காரர், விருதுநகர்): சர்வோவிலிருந்து வாலுக்கு ஸ்போக்ஸ் கம்பி போடலாமா? கடையில் கிடக்கிறது.

பதில்: ஸ்போக்ஸ் கம்பி 2 மில்லிமீட்டர், 30 சென்டிமீட்டருக்கு 7 கிராமுக்கு மேல் வரும். 1 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி அதே நீளத்துக்கு 2 கிராம்கூட இல்லை. மெல்லிய கம்பி வளைவதைத் தடுக்க நடுவில் இரண்டு இடங்களில் காலி பேனா ரீஃபில் துண்டுக்குள் அதை நுழைத்து உடலோடு ஒட்டிவிடுங்கள்.

கேள்வி (அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்): மாணவர்களோடு செய்யத் திட்டம். லைபோ பேட்டரி தீப்பிடிக்கும் என்கிறார்கள். பள்ளியில் வைத்திருக்கலாமா?

பதில்: வைத்திருக்கலாம், ஆனால் அதன் பொறுப்பு மாணவர்களுடையதாக இருக்கக் கூடாது. மூன்று செல் பேட்டரி முழுதாக ஏறினால் 12.6 வோல்ட், ஒவ்வொரு செல்லுக்கும் 4.2. அதற்கு மேல் ஏற்றக் கூடாது. பறந்து முடிக்கும்போது ஒரு செல் 3.5-க்குக் கீழே இறங்காமல் நிறுத்திவிடுவது நல்லது. 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 2.2 ஆம்பியரில், செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில், தரை ஓட்டின்மேல் வைத்து, ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்ற வேண்டும். ஒரு வாரத்துக்குப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் விட்டுவையுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்ட என் பேட்டரி ஒன்று மாலைக்குள் தலையணைபோல் உப்பியிருந்தது. உப்பியதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது. வகுப்பில் மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றியிருப்பது கட்டாயம் என்று விதி வைத்துவிடுங்கள். லைபோவைவிட விசிறிதான் அதிக விரல்களைக் கிழித்திருக்கிறது.

கேள்வி (திருநெல்வேலி): நாளை மறுநாள் முதல் பறப்பு. கடைசியாக எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: விமானத்தின் பின்னால் நின்றுகொள்ளுங்கள். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும்; எலிவேட்டர் (வாலின் கிடைமட்ட மடல்) குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். ஒருமுறை களத்திலேயே சர்வோ மாற்றிவிட்டு அவசரத்தில் இதைத் தவிர்த்தேன். கையைவிட்டு நான்கு விநாடிகளில் மூக்கு மண்ணுக்குள் இருந்தது. டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டுக் கடைசியில் அணையுங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரில் அமைத்து, விசிறியைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்து அதைச் சோதியுங்கள்.

காலை ஏழு மணிக்கு முன், மின்கம்பி இல்லாத அறுவடை முடிந்த வயலில், காற்றுக்கு எதிராக விடுங்கள். ஆடி மாதமென்றால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம். மேலே எறியாமல், அடிவானத்துக்கு மட்டமாகத் தள்ளிவிட நண்பர் ஒருவர் இருக்கட்டும். இரண்டு பனைமர உயரம் ஏறும்வரை திருப்ப வேண்டாம். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் கை தானாகப் போகும்.

கேள்வி (சென்னை, தாம்பரம்): அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் 25 கிலோவுக்கு மேற்படாத, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் பறக்கும் மாதிரி விமானத்தைத் தனி வகையாக்கி, வகைச் சான்றிதழிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கின்றன. ஆனால் எங்கே பறக்கலாம் என்பது வேறு விஷயம். மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களைப் பாருங்கள். தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் பக்கத்திலேயே மீனம்பாக்கமும் இருப்பதால், உங்கள் வீட்டு மொட்டை மாடி ஆசையை விட்டுவிட்டு நகரைத் தாண்டிப் பச்சை மண்டலத்தில் இடம் தேடுங்கள்.

கேள்வி (சேலம்): விழுந்து மூக்கு நசுங்கிவிட்டது. ஒட்டலாமா, புதிதாகச் செய்யலாமா?

பதில்: காகிதம் இல்லாத ஃபோமாக இருந்தால் நசுங்கிய இடத்தைக் கொதிநீரின் ஆவியில் சற்று நேரம் காட்டுங்கள்; மணிகள் ஓரளவு உப்பி எழும். ஒடிந்ததை ஒட்டி, இருபுறமும் மூங்கில் குச்சி செருகலாம். ஒட்டிய ஒவ்வொரு முறையும் தராசில் வைத்து எடையைப் பென்சிலால் இறக்கையின் அடியிலேயே எழுதிவைத்து, ஈர்ப்பு மையத்தை மறுபடி பாருங்கள். என்னுடைய பயிற்சி விமானத்தில் 680 என்று தொடங்கிய வரிசை பதினொரு பழுதுகளுக்குப் பிறகு 840-இல் நின்றது. இறங்கும் வேகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. அன்றே மோட்டாரையும் சர்வோக்களையும் கழற்றிக்கொண்டு, பழைய உடலைப் பிரித்து வைத்து அளவெடுத்து, புதுத் தாளில் வெட்டத் தொடங்கினேன்.