மாடுகளுக்கான டிஎன்ஏ தடுப்பூசி ஏன் இன்னும் நம் கைக்கு வரவில்லை?

குறிஞ்சிப்பாடிப் பக்கம் கறவை மாடு வளர்க்கும் ஒருவர், கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கொரு முறை போடும் ஊசிக்குப் பதிலாக டிஎன்ஏ தடுப்பூசி வருமா என்று கேட்கிறார். இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் போடப்படுவது, ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்று வகை வைரஸ்களையும் ஆலையில் பெருக்கி, பின்னர் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் மருந்தாகும். அதை 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

டிஎன்ஏ தடுப்பூசியில் வைரஸே இராது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏவில் பொருத்தி, பாக்டீரியாவில் பெருக்கிச் செலுத்தினால், மாட்டின் செல்களே அப்புரதத்தை உருவாக்க, உடல் அதை எதிர்க்கப் பழகுகிறது. கோமாரி வைரஸின் உறை சரியாக அமைய, அப்புரதத்தைத் துண்டாக்கும் 3சி நொதியின் மரபணுவும் உடன் வேண்டும்.

சிக்கல் விலங்கின் அளவில்தான். சுண்டெலியில் சிறப்பாக வேலை செய்வது பசுவில் தடுமாறுகிறது, ஏனெனில் தசையில் செலுத்திய டிஎன்ஏவில் சிறு பங்கே செல்லுக்குள் நுழைகிறது. மின்துடிப்பால் செல்சவ்வைத் திறந்துவிடும் முறை பலன் தருகிறது. ஆனால் அந்தக் கருவியைத் தொழுவம் தொழுவமாக யார் தூக்கிக்கொண்டு அலைவது? பெரிய விலங்குகளில் இது இயலாதது என்றும் சொல்ல முடியாது: வெஸ்ட் நைல் என்னும் வைரஸ் நோய்க்கு எதிராகக் குதிரைகளுக்குப் போடும் டிஎன்ஏ தடுப்பூசி அமெரிக்காவில் 2005இல் உரிமம் பெற்றது. என் கணிப்பில், முதல் ஊசியாக டிஎன்ஏவையும் அடுத்ததாகப் புரதத்தையும் கொடுக்கும் கலப்பு முறையே மாடுகளுக்கு முந்தி வரும்.